தலை அவங்க, கை நாம

பக்கத்துப் பொத்தானை விடாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். திரையில் ரெண்டு வட்டம் வரும். சிவப்பாக இருப்பதைத் தொட வேண்டும். அவ்வளவுதானா தாயி? இனிமேல் யார் பேரைச் சொன்னாலும் போனுக்குக் கேட்காது, இல்லையா? ஒரு தடவை கூப்பிட்டுப் பாரேன். கேட்கவில்லை. நல்லது. செத்த மாதிரிக் கிடக்கிறது.

சரி, திரும்பப் போட்டுக்கொள். உன் அம்மா கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள்.

கோவில்பட்டியில் பஸ் ஏறினதும் நீ விரலால் தொடாமல், "அம்மாவுக்குப் போன் போடு" என்று வாயால் சொன்னாய் பார், அப்போதே நினைத்தேன், இந்தப் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும் என்று. என்னிடம் இருப்பது பட்டன் போன். அதற்கு வாயும் இல்லை, காதும் இல்லை. என் பிள்ளையிடம்தான் உன்னுடையது மாதிரி இருக்கிறது. பாளையங்கோட்டையில் இருக்கிறாள். அவளிடம்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

பெற்ற பிள்ளை இல்லை. பெற்றது திருப்பூரில் இருக்கிறது, பேர் சுகந்தி. கல்யாணமான புதிதில் தினமும் காலையும் சாயங்காலமும் போன் போட்டு, என்ன சாப்பிட்டாய், என்ன உடுத்தினாய் என்று கேட்பேன். பிறகு நம்பரை மாற்றிவிட்டாள். மாப்பிள்ளையின் வேலையாகத்தான் இருக்கும். அதை விடு.

இவள் பேர் ஹெப்சிபா. வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்தவக் குடும்பம். வயது முப்பதுக்கு மேல். காலேஜில் படிக்கும்போது பஸ் மோதி கழுத்து எலும்பு நொறுங்கிவிட்டது. காலில் அசைவே கிடையாது. கையைத் தூக்குவாள், விரல் மடங்காது. உள்ளங்கையில் ஒரு பட்டையைக் கட்டி அதில் குச்சியைச் சொருகிக்கொண்டு கம்ப்யூட்டரில் டக் டக்கென்று தட்டுவாள். புத்தகங்களுக்குப் பிழை பார்க்கிற வேலை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணன் வேலூருக்குக் கூப்பிட்டிருக்கிறான். போக மாட்டேன், தனியாகத்தான் இருப்பேன் என்று பிடிவாதம். ஒரு வாய் தண்ணீர் குடிக்க யாராவது வேண்டும், ஆனால் தனியாக இருக்க வேண்டுமாம். என்ன சொல்வது.

இந்த மாதிரி மாற்றுத்திறனாளிகளுக்கென்று அரசாங்கத்தில் ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். மையத்திலிருந்து ஆள் அனுப்புவார்கள். காலையில் போய் எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, சக்கர நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். மத்தியானம் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். சாயங்காலம் போய்ச் சோறு கொடுத்து, கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வர வேண்டும். சம்பளம் சர்க்கார் கொடுக்கும். எனக்கு அந்த வேலை கிடைத்தது. என் மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்தவள் இல்லையா நான், கை பழகியிருந்தது.

வேலைக்கு முன்னால் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி கொடுத்தவர் ஆவுடையப்பன் சார். அவருக்கே சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அக்குளில் கட்டைக் கம்பை ஊன்றித்தான் நடக்கிறார். நல்ல மனுஷன்தான். ஆனால் பேச்சு இருக்கிறதே! "தொடுறதுக்கு முன்னாடி கேளுங்க. கதவைத் தட்டி உங்க பேரைச் சொல்லுங்க. அவங்க வாங்கன்னு சொன்ன பெறகு உள்ள போங்க. தலை அவங்க, கை நாம. அவங்க தலை சொல்லுறதை நம்ம கை செய்யணும், அம்புட்டுதான்." இதையே எங்களை எல்லாம் சேர்ந்து சொல்லச் சொல்லுவார், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லுகிற மாதிரி. தலை அவங்க, கை நாம. தலை அவங்க, கை நாம.

எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஏன், என் கழுத்துக்கு மேல் இருப்பது என்ன, பூசணிக்காயா?

அதுவும் அந்தக் கதவு தட்டுகிற விஷயம். ராத்திரி அவள் கட்டிலில் கிடப்பாள், எழுந்து வந்து திறக்க முடியாது. அதனால் நான்தான் வெளியே பூட்டிச் சாவியைக் கொண்டுபோக வேண்டும், காலையில் நானே திறக்க வேண்டும். அவசரத்துக்கு இன்னொரு சாவி எதிர்வீட்டில் இருக்கும். சாவி என் கழுத்தில் தொங்குகிறது, நான் எதற்குத் தட்ட வேண்டும்? ஆனால் தட்டினேன் தாயி. ஆரம்பத்தில் தட்டினேன். "செண்பகவல்லி வந்திருக்கேன்" என்று வெளியே நின்று கத்துவேன். உள்ளேயிருந்து, "வாங்கக்கா" என்று அவள் சொல்லுகிற வரைக்கும் நிற்பேன். கடன்காரி மாதிரி.

ஆரம்பத்தில் நாங்கள் இருந்த இருப்பு உனக்குத் தெரியாது. அவ்வளவு சிரிப்போம். ஒரு நாள் இட்லியைக் கடித்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, தூக்கி எறிஞ்சா ஜன்னல் ஒடைஞ்சிரும் போலிருக்கு" என்றாள். "எறியத்தான் உனக்குக் கை இல்லையே" என்றேன். என்ன சிரிப்பு அன்றைக்கு! புரை ஏறி, கண்ணில் தண்ணீர் வந்து, நான்தான் தலையில் தட்டி, கண்ணைத் துடைத்துவிட்டேன். மூக்கையும் துடைத்துவிட்டேன். அவளுக்கு மூக்கு அரித்தால்கூட நான்தான் சொறிந்துவிட வேண்டும். அப்படி ஒரு உயிர் நம்மை நம்பிக் கிடக்கும்போது, மனசு சும்மா இருக்குமா?

நான் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தேன். தன்னால் வந்த வார்த்தை. "அக்கா, எனக்குப் பேர் இருக்கு. ஹெப்சிபான்னே கூப்பிடுங்க" என்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பேர் எனக்கு வாயிலும் நுழையாது.

காலையில் பால் விடாத காப்பிதான் வேண்டும் என்பாள், குழலைப் போட்டு. வயிறு என்னத்துக்கு ஆகும்? நான் ஹார்லிக்ஸ் கலந்து கொடுப்பேன். ரெண்டு நாள் வாயை மூடிக்கொண்டாள். மூன்றாவது நாள் குடித்தாள். பசிக்கும் இல்லையா.

முடி ஒரு தொந்தரவு. இடுப்பு வரைக்கும் முடி. படுத்துப் படுத்துச் சிக்கு விழும். தலையணையெல்லாம் எண்ணெய். ஒரு நாள், எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் என்று சொல்லிக் கத்திரிக்கோலை எடுத்துக் கழுத்தோடு வெட்டிவிட்டேன். கேட்டால் வேண்டாம் என்றுதானே சொல்லுவாள்? அதனால் கேட்கவில்லை. அன்றைக்கு அழுதாள். முடிதானே, வளராதா? பார்க்கவும் ஸ்கூல் பிள்ளை மாதிரி அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு இட்லியைப் பற்றி அவள் ஒன்றுமே சொல்லவில்லை. போட்டதைத் தின்றாள். அந்த அளவுக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது.

இது கயத்தாறு. நீ எங்கே இறங்கணும்? திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டா? நான் வண்ணார்பேட்டையில் இறங்கி டவுன் பஸ் பிடிப்பேன். நேரம் இருக்கிறது.

போன் விஷயத்துக்கு வருகிறேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி ஸ்டாண்டில் அந்தப் போன் நிற்கும். யாரோ சினேகிதிகள், யாரோ கூட்டம், எங்கேயோ சென்னையில் இருந்தெல்லாம் பேசுவார்கள். நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பேன். அவர்களிடம் சிரிப்பாள். என்னிடம் சிரித்த அதே சிரிப்பு. கண்ணுக்குக் கெடுதல் என்று சொல்லி, போனை எடுத்து ஃப்ரிட்ஜுக்கு மேலே வைக்க ஆரம்பித்தேன். வேண்டும்போது கேள், எடுத்துத் தருகிறேன் என்றேன். கேட்பாள். கை ஈரமாக இருக்கிறது பாப்பா, பொறு என்பேன். வீட்டுக்கு யாராவது வந்தாலும், தூங்குகிறாள் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவேன். அவளுக்கு ஓய்வு வேண்டும். அது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தூத்துக்குடி வந்து சேர்ந்தது.

அங்கே ஒரு காலேஜ் லைப்ரரியில் வேலையாம். இவள் எழுதிப் போட்டிருக்கிறாள், நேர்முகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கிடைத்தால் அங்கேயே ஹாஸ்டலில் கீழ்த்தளத்தில் அறை கொடுப்பார்களாம். சரி, அங்கே யார் உன்னைத் தூக்குவார்கள் என்று கேட்டேன். "அங்கயும் நம்ம திட்டம் இருக்குக்கா. வேற ஒரு அக்கா வருவாங்க" என்றாள். எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள், பார். வேற ஒரு அக்கா. பல்பு மாற்றுகிற மாதிரி.

நேர்முகத்துக்குப் போக வேண்டிய அன்றைக்குக் காலையில் போனேன். தட்டவில்லை. விடிவதற்கு முன்னாலேயே முழித்துக் கிடந்தாள். "அக்கா, அந்த நீலச் சேலை. இன்னைக்கு மட்டும் கொஞ்சம் வெரசா" என்றாள். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் ஒரு வழவழப்பான பலகை வைப்போம், அதன் மேல்தான் அவளை நகர்த்தி உட்கார வைக்க வேண்டும். அந்தப் பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தேன். அடுப்படிக்குப் போய் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்க ஆரம்பித்தேன்.

"அக்கா?" என்றாள்.

"இடுப்பு பிடிச்சிருக்கு பாப்பா" என்றேன்.

அடித்தேனா? திட்டினேனா? ஒன்றும் செய்யவில்லை தாயி. கை நாம என்றார்களே, அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

முதலில் சாதாரணமாகக் கேட்டாள். பிறகு மேடம் மாதிரி, "செண்பகவல்லி அக்கா, இது உங்க வேலை, வந்து என்னைத் தூக்குங்க" என்று உத்தரவு போட்டாள். வாசலில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. அப்புறம் கெஞ்ச ஆரம்பித்தாள். அக்கா அக்கா என்று எத்தனை அக்கா! ஆட்டோக்காரன் எட்டிப் பார்த்து, "என்னக்கா, அவங்க கெளம்பலையா?" என்றான். "மேலுக்குச் சொகமில்ல, நீ போ" என்றேன். உள்ளே அவள் கத்தினாள். "ஜுரத்துல பெனாத்துது" என்றேன். இன்னும் ரெண்டு ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டான். அடித்தால் எவ்வளவு நேரம் அடிப்பான்? அவனுக்கு அடுத்த சவாரி இருக்கிறது.

அதற்குப் பிறகு வீடு எவ்வளவு அமைதியாகிவிட்டது தெரியுமா. வெங்காயக் குழம்பு வைத்து, சோற்றைக் குழையப் பிசைந்து கொண்டுபோனேன். வாயைத் திறந்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டே கடைசி உருண்டை வரைக்கும் வாங்கிக்கொண்டாள். என் மகள் சுகந்திகூட என்னிடம் அப்படி வாங்கிச் சாப்பிட்டது கிடையாது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இனிமேல் இப்படித்தான் இருக்கும், நாங்கள் ரெண்டு பேரும், என்று நினைத்துக்கொண்டே தட்டைக் கழுவப் போனேன்.

அப்போதுதான் கேட்டது. அவள் சத்தம். தெளிவாக, அவசரமே இல்லாமல், "ஆவுடையப்பன் சாருக்குப் போன் போடு" என்கிறாள். என்னிடம்தான் சொல்லுகிறாள் என்று திரும்பினேன். என் தலைக்கு மேலே, ஃப்ரிட்ஜ் மேலேயிருந்து, ஒரு பொம்பளைக் குரல், "சரி, ஆவுடையப்பன் சாரை அழைக்கிறேன்" என்றது. தட்டை அப்படியே தொட்டியில் போட்டேன். ஆள் இல்லை, தொடவும் இல்லை. அது பாட்டுக்கு மணி அடிக்கிறது. எக்கி எடுப்பதற்குள் அவர் குரலும் வந்துவிட்டது. அதுவரைக்கும் நான் மனசு மாறுவேன் என்று பார்த்திருந்தாள் போலிருக்கிறது. அந்த மடச்சாமானுக்கு மட்டும் அவள் வாய்ச்சொல் உத்தரவு. பார்த்துக்கொள்.

அவ்வளவு நாளும் அதை எட்டாத இடத்தில் வைத்தால் போதும் என்று நினைத்திருக்கிறேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! எட்டாத இடம் பத்தாது. அணைக்க வேண்டும். இன்றைக்கு நீ சொல்லிக் கொடுத்தாய், நன்றாக இரு.

ஆவுடையப்பன் சார் கட்டைக் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தார். அவளிடம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வெளியே வந்து என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார், சாவி கேட்டு. கொடுத்தேன். "இதை வெளிய சொன்னா திட்டத்துக்கே கெட்ட பேரு. இப்பத்தான் நாலு எடத்துல ஆரம்பிச்சிருக்கு. இடமாற்றம்னு போட்டுக்கிடுதேன். நீங்களும் சொல்லிக்கிட வேண்டாம்" என்றார். நானும் சொல்லிக்கொள்ளவில்லை. நமக்கும் மரியாதை இருக்கிறதில்லையா.

இப்போது எனக்குக் கோவில்பட்டியில் ஒரு பிள்ளையைக் கொடுத்திருக்கிறார்கள். பகலில் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பேச்சே வராது. மையத்துக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஒரு புகார் கிடையாது.

ஆனால் மனசு ஹெப்சிபாவிடம்தானே கிடக்கிறது. அவளுக்குப் புதிதாகப் போட்டிருப்பது முப்பிடாதி என்று ஒரு சின்னப் பிள்ளை. அதற்கு ஒன்றும் தெரியாது. சாரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை; நான் மாற்றலாகிப் போனேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறது. வேலையைப் பற்றி எதுவானாலும் எனக்குத்தான் போன் போட்டுக் கேட்கும். அக்கா, காற்றுப் படுக்கை சத்தம் போடுது, என்ன செய்ய? அக்கா, முதுகில் லேசாகச் சிவந்திருக்கு, என்ன தடவ? நானும் பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பேன். கண்ணு, புண் மட்டும் வந்துவிடாமல் பார்த்துக்கொள். ஒரு சின்னப் புண் போதும், ஆறு மாதம் கட்டிலை விட்டு இறக்க முடியாது.

ஆறு மாதம். அப்படி வந்துவிடக் கூடாது. வந்தால் யார் பார்ப்பது? நான்தான் பார்க்க வேண்டும்.

முப்பிடாதிதான் சொன்னது. காலேஜ்காரர்கள் வேறொரு நாள் வைத்து, கம்ப்யூட்டர் வழியாகவே அவளிடம் பேசி வேலையைக் கொடுத்துவிட்டார்களாம். நாளைக்குக் காலையில் கார் வருகிறது, தூத்துக்குடிக்கு. சாமானெல்லாம் கட்டியாகிவிட்டது. "வெள்ளென வந்து கெளப்பிவிடணும்க்கா, பயமா இருக்கு" என்றது. நான் சொன்னேன்: "நீ வராண்டாம் கண்ணு. நான் வாரேன். எம் பிள்ளையை நானே கெளப்பி வழியனுப்புதேன். அவகிட்ட சொல்லிராத, திடீர்னு என்னைப் பாத்தா சந்தோஷப்படுவா. சார்கிட்டயும் சொல்லாண்டாம், அவர் நம்மளை ஏசுவார்." முப்பிடாதி உடனே சரி என்றது. "எவ்ளோ பாசம்க்கா உங்களுக்கு" என்றது. அது ஒன்றுக்காவது புரிகிறதே.

என்ன தாயி, முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது? பஸ்ஸில் குமட்டுகிறதா? ஜன்னலைத் திறந்துகொள். இதோ தாழையூத்து வந்துவிட்டது, கொஞ்ச தூரம்தான்.

சாவியா? சாவியைத்தான் கொடுத்துவிட்டேனே. அது மையத்துச் சாவி. இதைப் பார். தாலிச் செயினில் ஊக்கோடு கிடக்கிறது. வண்ணார்பேட்டையில் குடை ரிப்பேர் பார்க்கிறவரிடம் ஆரம்பத்திலேயே அதே மாதிரி இன்னொரு சாவி போட்டு வைத்துக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரர்களை நம்ப முடியுமா, அடிக்கடி ஊருக்குப் போய்விடுகிற ஆட்கள். இப்போதுகூட அவர்கள் வீடு பூட்டித்தான் கிடக்கிறதாம். நல்லவேளை, இதை நான் வைத்திருந்தேன்.

என்ன கேட்டாய்? அந்தப் பிள்ளை உங்களை வரச் சொல்லுச்சா என்றா கேட்கிறாய்?

குழந்தை வரச் சொல்லித்தான் தாய் வருவாளா?

எந்தத் தெருவா? எதற்கு? நீ இறங்குவது புது பஸ் ஸ்டாண்டில், உனக்கு எதற்குத் தெரு? சும்மா கேட்டாயா. சரி, சும்மா கேட்டாய். போனைப் பைக்குள் வை தாயி, வண்டி குலுங்குகிறது, கீழே விழுந்துவிடும். இப்போதே கூப்பிட்டாலும் ஆவுடையப்பன் சார் எடுக்க மாட்டார், மகள் பிள்ளைப்பேற்றுக்கு நாகர்கோவில் போயிருக்கிறார். அதையும் முப்பிடாதிதான் சொன்னது. அந்த நம்பர்தான் உன்னிடம் கிடையாதே, நான் ஏன் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பையில் என்ன இருக்கிறதா? நாலு சேலை. ஒரு டப்பா ஹார்லிக்ஸ். கத்திரிக்கோல். முடி திரும்பவும் தோளைத் தொட்டிருக்கும்.

பாலம் வந்துவிட்டது, அடுத்தது வண்ணார்பேட்டைதான். வழி விடு, முன்னாலேயே போய் நிற்கிறேன். இல்லாவிட்டால் கண்டக்டர் விசில் ஊதிவிடுவார்.

முப்பிடாதி சோறு கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு இந்நேரம் கிளம்பியிருக்கும். அவளால் உள்ளேயிருந்து திறக்க முடியாது. தாழ்ப்பாள் போடவும் முடியாது. நான் போனதும் முதலில் அந்த ஸ்டாண்டுக்குத்தான் போவேன். பக்கத்துப் பொத்தான், ரெண்டு வட்டம், சிவப்பு. மறக்கவில்லை பார். நாளைக்குக் கார்க்காரன் வந்து ஹாரன் அடிப்பான். அடிக்கட்டும். வெங்காயம் வழியில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அட, நீ ஏன் எழுந்திருக்கிறாய்? உன் இடம் இது இல்லையே தாயி. உட்கார்.

தட்டுவீங்களா என்றா கேட்கிறாய்? கதவைத் தட்டி, பேரைச் சொல்லி, வாங்க என்று சொன்ன பிறகு போவதெல்லாம் சம்பளத்துக்குப் போகிறவர்கள் செய்வது. இன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லையே.